சொத்து வரியும் பள்ளித் தரமும்: எட்ஜ்வுட் பள்ளி மாவட்டத்தின் வரலாறு

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளின் செலவில் கணிசமான பங்கு, அந்தந்த ஊரில் உள்ள வீடு, நிலம், கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் மீது விதிக்கப்படும் சொத்து வரியிலிருந்து கிடைக்கிறது. சொத்து மதிப்பு மிகுந்த ஊரில் சிறிய வரியே பெரிய தொகையைத் தந்துவிடும். வருமானம் குறைந்தவர்கள் வாழும் ஊரில் வரியை எவ்வளவு உயர்த்தினாலும் பள்ளிக்குப் போதிய பணம் சேராது. நல்ல பள்ளி வேண்டும், அதற்காகக் கட்டும் வரி குடும்பத்தை நசுக்கவும் கூடாது என்ற இரண்டு நியாயமான தேவைகளும் இங்கே மோதிக்கொள்கின்றன.

இந்த மோதலை விளக்கப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் உள்ள எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம் ஆகும். 1968-இல் அங்கு மாணவர்கள் நடத்திய வெளிநடப்பும், அதைத் தொடர்ந்த இரண்டு பெரிய வழக்குகளும் அமெரிக்கப் பள்ளி நிதி முறையின் அடிப்படைக் குறையை நாடறியச் செய்தன. இக்கட்டுரை அந்த வரலாற்றையும், வெவ்வேறு மாநிலங்கள் கண்ட தீர்வுகளையும், அவற்றின் நிறைகுறைகளையும் விளக்குகிறது.

பள்ளி மாவட்டம் என்றால் என்ன?

இங்கு 'மாவட்டம்' என்பது தமிழ்நாட்டில் ஆட்சியர் தலைமையில் இயங்கும் வருவாய் மாவட்டத்தைக் குறிக்காது. அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது பள்ளிகளை நடத்துவதற்கென்றே எல்லை வகுக்கப்பட்ட ஓர் உள்ளாட்சி அமைப்பு. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கல்விக் குழு ஒன்று நிர்வாகத்தைக் கவனிக்கிறது. பல மாநிலங்களில் இக்குழுவே பள்ளிக்கான வரி வீதத்தை முடிவு செய்கிறது. சில வரி உயர்வுகளுக்கும், கட்டடம் கட்டக் கடன் வாங்குவதற்கும் மக்களின் வாக்கெடுப்பு தேவைப்படும். ஒரே நகரத்திற்குள் பல பள்ளி மாவட்டங்கள் இருப்பதும் உண்டு. சான் அன்டோனியோ அத்தகைய நகரம்.

பள்ளிகளுக்கான பணம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், மாநில அரசும் உள்ளூரும் ஏறத்தாழச் சம அளவில் பெரும்பகுதியைத் தருகின்றன. மத்தியில் உள்ள கூட்டரசின் பங்கு பத்தில் ஒரு பங்கு அளவுதான். உள்ளூர்ப் பங்கில் மிகப் பெரும்பகுதி சொத்து வரி. மாநிலத்துக்கு மாநிலம் இந்த விகிதங்கள் வேறுபடும். டெக்சஸ் மாநிலத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது. ஆகவே அங்கு சொத்து வரியின் மீது விழும் பாரம் இன்னும் அதிகம்.

வரி வீதமும் வரி அடித்தளமும்

இச்சிக்கலைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்களைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். வரி வீதம் என்பது 100 டாலர் சொத்து மதிப்புக்கு எவ்வளவு வரி என்பது. வரி அடித்தளம் என்பது ஊரில் வரி விதிக்கத் தக்க சொத்துகளின் மொத்த மதிப்பு. இவ்விரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே வருவாய்.

கற்பனையாக இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 1,000 மாணவர்கள் படிக்கின்றனர். முதல் ஊரின் மொத்தச் சொத்து மதிப்பு 10 கோடி டாலர். இரண்டாவது ஊரின் சொத்து மதிப்பு 50 கோடி டாலர். இரண்டு ஊர்களும் 100 டாலருக்கு 1 டாலர் வரி விதிக்கின்றன. முதல் ஊருக்கு 10 லட்சம் டாலர், அதாவது மாணவர் ஒருவருக்கு 1,000 டாலர் கிடைக்கும். இரண்டாவது ஊருக்கு 50 லட்சம் டாலர், அதாவது மாணவர் ஒருவருக்கு 5,000 டாலர் கிடைக்கும்.

முதல் ஊர் மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் 5,000 டாலர் செலவிட விரும்பினால் வரி வீதத்தை ஐந்து மடங்காக்க வேண்டும். அவ்வூரில் 1,00,000 டாலர் மதிப்புள்ள வீட்டில் வாழும் குடும்பம் ஆண்டுக்கு 5,000 டாலர் பள்ளி வரி கட்ட வேண்டியிருக்கும். அக்குடும்பத்தின் ஆண்டு வருமானம் 40,000 டாலர் என்றால், எட்டில் ஒரு பங்கு இந்த ஒரு வரிக்கே போய்விடும்.

சிக்கல் இதோடு முடிவதில்லை. வரி வீதம் உயர்ந்த ஊரில் வீடு வாங்கவும் கடை திறக்கவும் ஆட்கள் தயங்குவார்கள். அதனால் சொத்து மதிப்பு குறையும். மதிப்பு குறைந்தால் வரி அடித்தளம் சுருங்கும். பழைய வருவாயைத் தக்கவைக்கவே வரி வீதத்தை மேலும் உயர்த்த வேண்டிவரும். மறுபுறம், வரியைக் குறைத்துப் பள்ளியைக் கைவிட்டாலும் இதே கதிதான். நல்ல பள்ளி உள்ள பகுதியில் வீட்டு விலை உயர்கிறது என்பதைப் பொருளியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. பள்ளி சரிந்தால் வசதியுள்ள குடும்பங்கள் வெளியேறும், வீட்டு விலையும் சரியும். எளிய வருமானமுள்ள ஊர் எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிபடுவது இதனால்தான்.

எட்ஜ்வுட்டும் அலமோ ஹைட்ஸும்

எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம் சான் அன்டோனியோ நகரின் மேற்குப் பகுதியில் உள்ளது. 1960-களின் இறுதியில் அங்கிருந்த 25 பள்ளிகளில் ஏறத்தாழ 22,000 மாணவர்கள் படித்தனர். அவர்களில் 90 விழுக்காட்டினர் மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர்கள். 6 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமானோர் கறுப்பினத்தவர். பெரும்பாலும் குடியிருப்பு வீடுகள் கொண்ட பகுதி அது. பெரிய வணிக நிறுவனங்களோ தொழிற்சாலைகளோ அங்கு அதிகம் இல்லை. அருகிலிருந்த கெல்லி விமானப்படைத் தளம் பலருக்கு வேலை தந்தது. ஆனால் கூட்டரசுக்குச் சொந்தமான நிலத்தின் மீது உள்ளூர் அமைப்பு சொத்து வரி விதிக்க முடியாது.

அதே நகரப் பகுதியில் வசதியானவர்கள் வாழ்ந்த அலமோ ஹைட்ஸ் பள்ளி மாவட்டமும் இருந்தது. அங்கு 6 பள்ளிகளில் ஏறத்தாழ 5,000 மாணவர்கள் படித்தனர். இரண்டு மாவட்டங்களின் 1967–68 கல்வியாண்டுக் கணக்குகள் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியுள்ளன.

| விவரம் | எட்ஜ்வுட் | அலமோ ஹைட்ஸ் |
|---|---|---|
| மாணவர் ஒருவருக்கான சொத்து மதிப்பு | 5,960 டாலர் | 49,000 டாலருக்கு மேல் |
| இடைநிலைக் குடும்ப ஆண்டு வருமானம் | 4,686 டாலர் | 8,001 டாலர் |
| 100 டாலருக்கு வரி வீதம் | 1.05 டாலர் | 0.85 டாலர் |
| மாணவர் ஒருவருக்கு உள்ளூர் வருவாய் | 26 டாலர் | 333 டாலர் |
| மாநில அடிப்படைத் திட்டத் தொகை | 222 டாலர் | 225 டாலர் |
| கூட்டரசு உதவி | 108 டாலர் | 36 டாலர் |
| மொத்தம் | 356 டாலர் | 594 டாலர் |

மாநில அடிப்படைத் திட்டத்திற்கு ஒவ்வொரு மாவட்டமும் தன் பங்காகக் கட்டாயம் செலுத்த வேண்டிய தொகை ஒன்று உண்டு. அதைச் செலுத்திய பின் கையில் மிஞ்சியதே அட்டவணையில் உள்ளூர் வருவாயாகக் காட்டப்பட்டுள்ளது.

இந்த அட்டவணையில் மூன்று செய்திகள் கவனிக்கத் தக்கவை. முதலாவதாக, ஏழை மாவட்டமே அதிக வீதத்தில் வரி கட்டியது. எட்ஜ்வுட்டின் வரி வீதம் அந்நகரப் பகுதியிலேயே மிக உயர்ந்தது. பெற்றோர் பள்ளியில் அக்கறை காட்டவில்லை என்று யாரும் குறை கூற இயலாது. இரண்டாவதாக, குடும்ப வருமானத்தில் இருந்த இடைவெளி இரு மடங்குக்கும் குறைவு. ஆனால் மாணவர் ஒருவருக்கான சொத்து மதிப்பில் இருந்த இடைவெளி எட்டு மடங்குக்கும் மேல். மக்களின் வருமான ஏற்றத்தாழ்வைச் சொத்து வரி முறை பன்மடங்கு பெருக்கிக் காட்டியது. மூன்றாவதாக, ஏழை மாவட்டத்திற்கு அதிகம் தந்து இடைவெளியைக் குறைத்திருக்க வேண்டிய மாநில அரசு, பணக்கார மாவட்டத்திற்கே 3 டாலர் கூடுதலாகத் தந்தது.

வரி வீதத்தை இன்னும் உயர்த்தியிருக்கலாமே என்ற கேள்வி எழலாம். அதற்கும் வழியில்லை. அந்தக் கவுண்டியில் மிக உயர்ந்த வருவாய் ஈட்டிய மாவட்டத்திற்குச் சமமாக வர, அலமோ ஹைட்ஸ் 100 டாலருக்கு 68 சென்ட் விதித்தால் போதும். எட்ஜ்வுட்டோ 5.76 டாலர் விதிக்க வேண்டும் என நீதிபதி பைரன் வைட் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் பள்ளி நடத்தும் செலவுக்கான வரி 1.50 டாலரைத் தாண்டக் கூடாது என்று மாநிலச் சட்டமே தடுத்திருந்தது.

1968 வெளிநடப்பும் வழக்கும்

1968 மே 16 அன்று எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். பழுதடைந்த கட்டடங்கள், குறைந்த வசதிகள், தகுதிபெற்ற ஆசிரியர்களின் பற்றாக்குறை ஆகியவை அவர்களுடைய குறைகள்.

மாணவர்களின் போராட்டத்தைத் தொடர்ந்து பெற்றோர் ஒன்று கூடினர். அவர்களில் ஒருவர் டிமெட்ரியோ ரோட்ரிகெஸ். கெல்லி விமானப்படைத் தளத்தில் உலோகத் தகட்டுத் தொழிலாளியாக வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். தொடக்கத்தில் பெற்றோரின் கோபம் மாவட்ட நிர்வாகத்தின் மீதே இருந்தது. ஆனால் அவர்கள் அணுகிய வழக்கறிஞர் ஆர்தர் கோச்மன், குறை நிர்வாகத்தில் மட்டும் இல்லை, பணம் வரும் முறையிலேயே இருக்கிறது என எடுத்துரைத்தார். 1968 ஜூலையில் வழக்குத் தொடரப்பட்டது. 1971 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டரசு மாவட்ட நீதிமன்றம், டெக்சஸ் பள்ளி நிதி முறை அமெரிக்க அரசியலமைப்புக்கு முரணானது எனப் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது.

1973 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

'சான் அன்டோனியோ பள்ளி மாவட்டம் எதிர் ரோட்ரிகெஸ்' என அறியப்படும் இவ்வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973 மார்ச் 21 அன்று தீர்ப்பு வழங்கியது. ஐந்து நீதிபதிகள் மாநிலத்திற்கு ஆதரவாகவும் நால்வர் எதிராகவும் இருந்தனர். ஒரே ஒரு வாக்கில் பெற்றோர் தோற்றனர்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி லூயிஸ் பவல். கல்வி மிக முக்கியமானதுதான், ஆயினும் அமெரிக்க அரசியலமைப்பு வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ காக்கும் அடிப்படை உரிமைகளுள் அது இல்லை என்பது அவர் கருத்து. பள்ளிகளை உள்ளூர் மக்கள் தாங்களே நிர்வகிக்கும் மரபைக் காப்பதற்கு இந்த நிதி முறை ஏற்புடைய வழி என்றும், குறை இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டியது சட்டமன்றங்களே என்றும் அவர் கூறினார். மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல், ஒரு பிள்ளை எந்த எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் வாழ்கிறது என்பதைப் பொறுத்து அதன் கல்வி வாய்ப்பு அமைவதை ஏற்க மறுத்தார். வரி அடித்தளமே இல்லாத மாவட்டத்திற்கு உள்ளூர் அதிகாரம் இருக்கிறது என்பது வெறும் பெயரளவே என்பது அவரது வாதத்தின் சாரம்.

இத்தீர்ப்பின் விளைவாகப் பள்ளி நிதி வழக்குகளுக்குக் கூட்டரசு நீதிமன்றங்களின் கதவு பெரும்பாலும் மூடப்பட்டது. வழக்குகள் மாநில நீதிமன்றங்களுக்குத் திரும்பின. ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனி அரசியலமைப்பு உண்டு. அவற்றில் கல்வி பற்றிய பிரிவுகளும் உண்டு.

எட்ஜ்வுட் எதிர் கெர்பி

1984-இல் எட்ஜ்வுட் மாவட்டம் வேறு சில மாவட்டங்களுடனும் பெற்றோருடனும் சேர்ந்து டெக்சஸ் மாநில நீதிமன்றத்தில் புதிய வழக்கைத் தொடர்ந்தது. பொதுப் பள்ளிகள் திறம்பட இயங்கும் வகையில் ஓர் அமைப்பை ஏற்படுத்துவது சட்டமன்றத்தின் கடமை என டெக்சஸ் அரசியலமைப்பு கூறுகிறது. அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டே வழக்கு நடந்தது.

1989 அக்டோபரில் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் தீர்ப்பளித்தனர். அதில் குறிக்கப்பட்ட விவரங்கள் நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதைக் காட்டுகின்றன. மாநிலத்தின் மிகப் பணக்கார மாவட்டத்தில் மாணவர் ஒருவருக்கான சொத்து மதிப்பு 1.4 கோடி டாலருக்கு மேல். மிக ஏழை மாவட்டத்தில் அது ஏறத்தாழ 20,000 டாலர். அதாவது 700 மடங்கு வேறுபாடு. எட்ஜ்வுட்டில் 38,854 டாலரும் அலமோ ஹைட்ஸில் 5,70,109 டாலரும் இருந்தன. மிக ஏழையான 100 மாவட்டங்கள் சராசரியாக 74.5 சென்ட் வரி விதித்து மாணவர் ஒருவருக்கு 2,978 டாலர் செலவிட்டன. மிகப் பணக்கார 100 மாவட்டங்கள் 47 சென்ட் மட்டும் விதித்து 7,233 டாலர் செலவிட்டன.

ஒத்த அளவு வரி முயற்சிக்கு ஏறத்தாழ ஒத்த அளவு வருவாய் கிடைக்க வேண்டும் என்பது இத்தீர்ப்பு வகுத்த அளவுகோல். எல்லா மாவட்டங்களும் ஒரே தொகையைச் செலவிட வேண்டும் என்று நீதிமன்றம் கூறவில்லை. ஒரே சுமையைத் தாங்கும் இரண்டு ஊர்களுக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பலன் கிடைக்கக் கூடாது என்றது. பள்ளித் தரத்தையும் வரிச் சுமையையும் தனித்தனியாகப் பார்க்காமல் சேர்த்து எடைபோட்டது இத்தீர்ப்பின் சிறப்பு.

ராபின் ஹூட் திட்டம்

தீர்ப்புக்குப் பின் சட்டமன்றம் இயற்றிய இரண்டு சட்டங்களை நீதிமன்றம் ஏற்கவில்லை. 1993 மே மாதத்தில் மக்கள் முன் வைக்கப்பட்ட அரசியலமைப்புத் திருத்தமும் தோற்றது. அதே மாதத்தின் இறுதியில் வேறொரு சட்டம் நிறைவேறியது. சொத்து மதிப்பு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டும் மாவட்டங்கள் தங்கள் மிகைச் செல்வத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பணக்காரரிடம் எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்ததாக ஆங்கிலேயர் கதைகளில் வரும் வீரனின் பெயரால் இது 'ராபின் ஹூட் திட்டம்' என அழைக்கப்படுகிறது. 1995-இல் மாநில உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது.

இத்திட்டத்தால் ஏழை மாவட்டங்களின் வருவாய் உயர்ந்தது. எனினும் புதிய சிக்கல்களும் தோன்றின.

ஒன்று, சொத்து மதிப்பும் மக்களின் வசதியும் ஒன்றல்ல. ஹூஸ்டன் மாநகரில் பெரிய வணிகக் கட்டடங்களால் சொத்து மதிப்பு உயர்ந்தது. ஆனால் அதன் அரசுப் பள்ளிகளில் படிப்போரில் பெரும்பான்மையர் குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகள். ஆயினும் அம்மாவட்டமும் கணக்குப்படி 'செல்வ' மாவட்டமாகிப் பணம் செலுத்த வேண்டியதாயிற்று. 2016 நவம்பரில் அங்குள்ள வாக்காளர்கள் அதற்கு ஒப்புதல் தர மறுத்தனர். 2017 மே மாதம் நடந்த இரண்டாவது வாக்கெடுப்பில் ஒப்புதல் கிடைத்தது.

இரண்டு, தாங்கள் கட்டும் வரி வேறு ஊருக்குப் போகிறது என்ற மனக்குறை வரி செலுத்துவோரிடம் வளர்ந்தது.

மூன்று, மாநிலம் முழுவதும் பல மாவட்டங்கள் உச்ச வரம்பான 1.50 டாலரைத் தொட்டு நின்றன. வரி வீதத்தைத் தீர்மானிக்கும் உரிமை மாவட்டங்களுக்குப் பெயரளவில் மட்டுமே இருந்ததால், அது மாநிலச் சொத்து வரிக்கு ஒப்பாகிவிட்டது என 2005-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில அளவிலான சொத்து வரியை டெக்சஸ் அரசியலமைப்பு தடை செய்கிறது. எனவே 2006-இல் சட்டமன்றம் பள்ளி வரி வீதத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அந்த இழப்பை மாநில நிதியால் ஈடுசெய்ய முற்பட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே திசையில் வரி வீதத்தை மேலும் குறைத்தது.

கலிபோர்னியாவும் மிச்சிகனும்

இதே சிக்கலை மற்ற மாநிலங்கள் வேறு வழிகளில் அணுகின. அவற்றுள் இரண்டு குறிப்பிடத் தக்கவை.

கலிபோர்னியாவில் 1971-ஆம் ஆண்டின் செரானோ வழக்கில், சொத்து மதிப்பைச் சார்ந்த பள்ளி நிதி முறையை மாநில உச்ச நீதிமன்றம் குறை கூறியது. 1968–69-இல் எளிய ஊரான பால்ட்வின் பார்க், பணக்கார ஊரான பெவர்லி ஹில்ஸைப் போல இரு மடங்குக்கும் அதிகமான வீதத்தில் வரி விதித்தும், மாணவருக்கு அதில் பாதிக்கும் குறைவாகவே செலவிட முடிந்தது. இதற்கிடையே வீட்டு விலை ஏற்றத்தால் வரித் தொகை விரைந்து உயர்ந்து, வீட்டு உரிமையாளர்கள் கொதித்தனர். 1978 ஜூன் 6 அன்று 'முன்மொழிவு 13' வாக்கெடுப்பில் வென்றது. சொத்து வரி மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வீடு கைமாறும் வரை வரி மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது என விதிக்கப்பட்டது. சொத்து வரி வருவாய் பாதிக்கும் மேல் சரிந்தது. பள்ளி நிதிப் பொறுப்பு மாநிலத்தின் கைக்கு மாறியது. சுமை குறைந்தது உண்மை. ஆனால் மாணவர் ஒருவருக்கான செலவில் கலிபோர்னியா மற்ற மாநிலங்களோடு ஒப்பிடுகையில் பின்தங்கியது. ஒரே தெருவில் ஒரே மாதிரி வீட்டுக்கு, பழைய உரிமையாளர் ஒரு தொகையும் புதிதாக வாங்கியவர் பல மடங்கும் கட்டும் நிலையும் உருவானது.

மிச்சிகன் மாநிலத்தின் கல்கஸ்கா என்ற சிற்றூரில் வாக்காளர்கள் பள்ளி வரியைத் திரும்பத் திரும்ப நிராகரித்ததால், 1993 மார்ச் மாதத்திலேயே பள்ளிகள் அவ்வாண்டுக்கு மூடப்பட்டன. கல்வியாண்டு முடிய ஏறத்தாழ பத்து வாரங்கள் இருந்தன. இது நாடெங்கும் பேசப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் மாநிலச் சட்டமன்றம், பள்ளிச் செலவுக்கான உள்ளூர்ச் சொத்து வரியை அடியோடு நீக்கியது. மாற்று வழியை மக்களே தேர்ந்தெடுத்தனர். 1994 மார்ச் 15 அன்று ஏற்கப்பட்ட 'முன்மொழிவு ஏ' விற்பனை வரியை 4 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்த்தியது. குடியிருக்கும் வீடுகளின் மீதான பள்ளி வரி பெரிதும் குறைந்தது. மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என மாநிலமே அடிப்படைத் தொகை தரத் தொடங்கியது. கிராமப்புறப் பள்ளிகள் பல இதனால் பயன் பெற்றன. ஆனால் விற்பனை வரி ஏழைகளின் வருமானத்தில் பெரும் பங்கை எடுக்கக்கூடியது. பொருளாதாரம் தளர்ந்தால் அவ்வரி வருவாயும் தளரும். புதிய கட்டடங்களுக்கான செலவு உள்ளூர்ச் சொத்து வரியையே நம்பியிருப்பதால், வகுப்பறையின் சுவர்களில் பழைய ஏற்றத்தாழ்வு தொடர்கிறது.

வீட்டு உரிமையாளரின் சுமையைக் குறைக்கும் முறைகள்

சொத்து வரியின் இயல்பான குறை, அது கையில் உள்ள பணத்தைப் பார்ப்பதில்லை என்பது. ஓய்வு பெற்ற ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வீட்டின் மதிப்பு உயர்ந்தால் வரியும் உயரும். ஓய்வூதியம் அந்த அளவுக்கு உயராது. இதற்காக மாநிலங்கள் சில சலுகைகளைக் கையாள்கின்றன.

குடியிருப்பு விலக்கு: உரிமையாளர் தாமே வாழும் வீட்டின் மதிப்பில் ஒரு பகுதிக்கு வரி இல்லை. டெக்சஸ் 2023-இல் பள்ளி வரிக்கான இந்த விலக்கை 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராக உயர்த்தியது. தொகை எல்லோருக்கும் ஒன்றே என்பதால் எளிய வீட்டுக்கே இது விகித அளவில் அதிகப் பயன் தரும். 2023-இல் உயர்த்திய அளவின்படி 1,50,000 டாலர் வீட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு கழிந்தது. 10 லட்சம் டாலர் வீட்டுக்குப் பத்தில் ஒரு பங்குதான் கழிந்தது.

முதியோர் வரம்பு: டெக்சஸில் 65 வயது நிறைந்த உரிமையாளரின் வீட்டுக்கான பள்ளி வரித் தொகை, அவ்வயதில் இருந்த அளவுக்கு மேல் பொதுவாக உயர்வதில்லை.

வருமானத்தைச் சார்ந்த வரித் தணிப்பு: சொத்து வரி, குடும்ப வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால், மிகுதியில் ஒரு பகுதியை மாநிலம் திருப்பித் தருகிறது. மின்சுமை மிகும்போது தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவியின் பெயரால் இதை அழைக்கின்றனர். 1964-இல் விஸ்கான்சின் மாநிலம் முதியோருக்காக இதை முதலில் கொண்டுவந்தது. சில மாநிலங்கள் வாடகைக்கு இருப்போருக்கும் இதை வழங்குகின்றன. வீட்டு உரிமையாளர் தாம் கட்டும் வரியை வாடகையில் ஏற்றுவது வழக்கம் என்பதால் அது நியாயமானதே.

இச்சலுகைகளில் ஒரு நுட்பம் உண்டு. சலுகையால் குறையும் வருவாயை மாநிலம் ஈடுசெய்தால் பள்ளிக்குப் பாதிப்பில்லை. ஈடுசெய்யாவிட்டால், சலுகையின் விலையைப் பள்ளிப் பிள்ளைகளே தருகிறார்கள். எளிய வீடுகள் நிறைந்த ஊரில்தான் விலக்கால் வரி அடித்தளம் மிக அதிகமாகச் சுருங்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

கூடுதல் பணத்தால் கல்வி உயருமா?

பணத்தைக் கூட்டினால் மட்டும் கல்வி உயர்ந்துவிடுமா என்பது பழைய விவாதம். 1966-இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, மாணவரின் தேர்ச்சியில் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியின் செல்வாக்கு அதிகம் எனக் கூறியது. பொருளியலாளர் எரிக் ஹனுஷெக், எவ்வளவு செலவிடுகிறோம் என்பதைவிட எப்படிச் செலவிடுகிறோம் என்பதே முக்கியம் எனத் தொடர்ந்து வாதிட்டு வந்துள்ளார்.

பிற்கால ஆய்வுகள் பணத்தின் பங்கை உறுதிப்படுத்தின. நீதிமன்ற ஆணைகளால் பள்ளி நிதி மாறிய மாவட்டங்களை கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ ஆகியோர் ஆராய்ந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். 12 பள்ளி ஆண்டுகளிலும் மாணவர் ஒருவருக்கான செலவு 10 விழுக்காடு உயர்ந்தபோது, அம்மாணவர்கள் வளர்ந்த பின் பெற்ற ஊதியம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக இருந்தது. குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளிடம் இந்த விளைவு இன்னும் வலுவாக இருந்தது. ஆகவே எட்ஜ்வுட் பெற்றோர் கேட்டது வெறும் கணக்குச் சமன்பாடு அன்று; பிள்ளைகளின் பிற்கால வாழ்வு.

தமிழ்நாட்டு நிலையுடன் ஓர் ஒப்பீடு

உள்ளூர் வரியால் பள்ளி நடத்தும் எண்ணம் தமிழகத்திற்கும் புதிதன்று. 1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்க இடமளித்தது. இன்றும் நகர்ப்புறச் சொத்து வரியில் கல்வி வரி ஒரு கூறாக இருக்கிறது. ஆயினும் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் ஊதியத்தை மாநில அரசு தருவதால், ஓர் ஊரின் வீட்டு மதிப்பு அவ்வூர் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தை முடிவு செய்வதில்லை. பள்ளிக்கும் சொத்து வரிக்கும் இடையே அமெரிக்காவில் உள்ள நெருங்கிய பிணைப்பு இங்கு இல்லை. அதே காரணத்தால், தங்கள் ஊர்ப் பள்ளிக்கு எவ்வளவு செலவிடுவது என்பதை ஊர் மக்கள் வாக்களித்து முடிவு செய்யும் வாய்ப்பும் இங்கு இல்லை.

மதிப்பீடு

எளிய வருமானமுள்ள ஊர், தன் எல்லைக்குள் கிடைக்கும் சொத்தை மட்டும் கொண்டு பள்ளித் தரத்தையும் வரிச் சுமையையும் ஒருங்கே சமன்செய்வது மிகக் கடினம் என்பதை எட்ஜ்வுட் வரலாறு காட்டுகிறது. முயற்சியில் குறைவில்லாத ஊரே பலனில் குறைந்து நின்றது. சமநிலைக்குத் தேவையான கூடுதல் பணம் ஊருக்கு வெளியிலிருந்து, பெரும்பாலும் மாநில நிதியிலிருந்து, வந்தாக வேண்டும். அது எந்த வரியின் வழியாக வருகிறது, யார் மீது விழுகிறது, ஆண்டுதோறும் தவறாமல் வருமா என்ற மூன்று கேள்விகளே ஒவ்வொரு தீர்வையும் எடைபோட உதவும் அளவுகோல்கள். கலிபோர்னியா சுமையைக் குறைத்துச் செலவில் பின்தங்கியது. மிச்சிகன் சுமையை விற்பனை வரிக்கு மாற்றியது. டெக்சஸ் ஊர்களுக்கிடையே பகிரச் செய்து மனக்குறையையும் ஏற்றுக்கொண்டது.

டிமெட்ரியோ ரோட்ரிகெஸ் 2013-இல் தம் 87-ஆம் வயதில் காலமானார். எட்ஜ்வுட் மாவட்டத்தில் மாணவர் எண்ணிக்கை பின்னாளில் 10,000-க்கும் கீழே குறைந்தது. மாணவர் தலைக்கு இவ்வளவு என மாநில நிதி கணக்கிடப்படும் முறையில், மாணவர் குறையும்போது வருவாயும் குறையும். கட்டடங்களைப் பராமரிக்கும் செலவு அதே வேகத்தில் குறைவதில்லை. 1968-இல் மாணவர்கள் எழுப்பிய கேள்வியை அம்மாவட்டம் இன்று வேறு வடிவில் எதிர்கொள்கிறது.